திருப்பாச்சூர் வீட்டுக் கேட்

நேற்று உன் வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். டப்பாவைத் திறந்ததும் தின்னர் வாசனை வீடெல்லாம் பரவியது. நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது எனக்கு. நீ போன பிறகு யாரும் தொடாத மிஷின். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரில், கேட் வேலைக்குப் போகலாம் என்று அவருக்கு எண்ணம். "ஸ்ப்ரே கன்னு சீரா அடிக்காம துப்புதுக்கா. நீயே பார்த்துக் குடு" என்றார்.

என் கை தானாக நீண்டது. பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நீங்களே பிரியுங்கள், நான் கூடவே இருக்கிறேன் என்றேன். கன்னின் முனையிலிருக்கும் நாசிலைக் கழற்றித் தின்னரில் ஊறப் போட்டார். அப்புறமும் துப்பியது. எங்கேயோ காற்று இழுக்கிறது என்று மட்டும் சொன்னேன். பெயிண்டை உறிஞ்சுகிற குழாயில் வாஷர் காய்ந்து வெடித்திருந்ததை அவரே தேடிக் கண்டுபிடித்தார். வெகுநேரம் ஆனது. உன்னிடம் ஒருநாளும் நான் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

கும்மிடிப்பூண்டியில் பீரோ செய்கிற கம்பெனியில் நாம் இருவரும் பெயிண்ட் அடித்த காலத்தில், உன் கன்னு அடைத்துக்கொண்டால் நான் பிடுங்கிக்கொள்வேன். நீ குண்டூசியால் நாசிலைக் குத்தப் போவாய். ஓட்டை பெரிதாகிவிடும் என்று திட்டுவேன். பெயிண்ட் வழிந்தாலும் சரிசெய்வது நான்தான், திட்டுத் திட்டாக விழுந்தாலும் நான்தான். நீ நகர்ந்து நிற்பாய். அப்படி நீ நகர்ந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நீ சொந்தமாக மிஷின் வாங்கினாய். திருப்பாச்சூரில் ஒரு கல்யாண வீட்டுக் கேட்தான் உன் முதல் வேலை. மத்தியானம் போன் செய்தாய். பாதிக் கேட்டில் மிஷின் நின்றுவிட்டது என்றாய். "இன்னா பண்ணணும்னு போன்லயே சொல்லு. நானே பிரிச்சுப் பார்க்கறேன்."

"தொடாத. நான் வரேன்" என்றேன்.

லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். அதுவரை நீ வெயிலில் உட்கார்ந்திருந்தாய். வந்ததும் உன் கையிலிருந்த கன்னை வாங்கிக்கொண்டேன். டப்பாவில் பெயிண்ட் ஆடை கட்டி, அது போய் ஃபில்டரை அடைத்திருந்தது. போனில் சொல்லியிருந்தால் நீயே முடித்திருப்பாய். ஃபில்டரைக் கழுவி, பெயிண்டைத் துணியில் வடிகட்டி, மீதிக் கேட்டையும் நானே அடித்து முடித்தேன். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து, நீங்கள்தான் மேஸ்திரியா என்று கேட்டார். நான் சிரித்தேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. என் ஹேண்ட்பேகை வைத்துக்கொண்டு நீ ஓரமாக நின்றாய்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாய்: "நீ வந்தது நல்லதுதான்டி. ஆனா அது என்னோட கேட்டு."

உதவி செய்ய வந்தது தப்பா என்று நான் கோபித்துக்கொண்டேன். அதற்கப்புறம் மிஷின் விஷயமாக நீ என்னைக் கூப்பிடவே இல்லை. வேலை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

உன் சாவுக்குக் கவரைப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். யாரென்று எனக்குத் தெரியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அவராகவே சொன்னார்: "எங்க ஊட்டு கிரில்லுக்கு அவதான் அடிச்சா. நடுவுல மிஷினு நின்னுபோச்சு. பிரிச்சுப் போட்டுக்கினு உக்காந்துட்டா. யாரையாச்சும் கூப்பிடும்மான்னேன். வேணாம், எனக்கே தெரியும்னுட்டா."

சுற்றிலும் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நானும்தான். அப்போது என் மனதில் முதலில் வந்தது உன் மீது பெருமை இல்லை. என்னைக் கூப்பிடாமலே உன்னால் முடிந்திருக்கிறதே என்ற எரிச்சல்தான். நீ செத்துக் கிடப்பதைவிட அது ஒரு நொடி அதிகமாக வலித்தது. உன் வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை. அந்த ஒரு நொடி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.