நெல் படகின் பலகையில் ஏற உத்தரவு வேண்டி

அனுப்புநர்:
அ. மரியஜோசப்,
மாதிரி எடுக்கும் குமாஸ்தா (தற்காலிகம்),
நெல் இறங்குதுறை, அலோன், இரங்கூன்.

பெறுநர்:
ஸ்ரீ முத்து முகம்மது சாகிபு அவர்கள்,
இறங்குதுறை சூப்பரிண்டெண்டு, அலோன்.

பொருள்: மேல் குமாஸ்தாக்கள் இருவர் என்மேல் வைத்த பிரியத்தால் என்னை வேலை செய்யவிடாதிருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. படகில் வரும் நெல் மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி மாதிரி எடுத்து, ஈரமும் பதரும் எவ்வளவு என்று சீட்டு எழுதுவது என் வேலை. அதற்குக் கரையிலிருந்து பலகைமேல் நடந்து படகுக்குள் போகவேண்டும். வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் முடிந்தும் நான் ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. வைக்க விடவில்லை.

2. விடாதவர்கள் தலைமைக் குமாஸ்தா சிங்கராயர் அவர்களும் அவருக்கு அடுத்தவரான குழந்தைவேலு அவர்களும். ஒருவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்குப் பார்வை மங்கல். அவர்கள் தட்டுத்தடுமாறிப் பலகையேற, இருபத்துநாலு வயதுள்ள நான் கரையில் அவர்களுடைய குடைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காலையில் எனக்கு மொஹிங்கா என்ற பர்மா மீன்குழம்புச் சேமியா வாங்கிக் கொடுத்து, முழுவதும் சாப்பிட்டேனா என்றும் பார்க்கிறார்கள். மாவ்பி ஊரிலிருந்து நெல் கொண்டுவரும் படகுக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

3. காரணத்தை மறைப்பது நியாயமல்ல. என் தகப்பனார் அருளப்பன் இதே துறையில் இவர்களோடு இதே வேலை பார்த்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன் பலகை வழுக்கி ஆற்றில் விழுந்து இறந்தார். தண்ணீரிலிருந்து தூக்கியவர்கள் இவர்களே. அதன்பின் எங்கள் வீட்டை ஒருநாளும் கைவிட்டதில்லை. என்னைப் படிக்க வைத்ததும் இவர்கள்தான். இருவரையும் நான் பெரியப்பா என்றே அழைக்கிறேன்.

4. சென்ற செவ்வாய்க்கிழமை நானே குத்தூசியை எடுத்துக்கொண்டு பலகையில் ஏறினேன். குழந்தைவேலு அவர்கள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததில் அது கிழிந்தது. கூலியாட்கள் எல்லோர் முன்னிலையிலும், "வேலைக்கு வந்தவன் நான், பெரியப்பா. என்னை வேலை செய்ய விடுங்க. எனக்கு நீச்சல் தெரியும்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். "உங்கப்பனுக்கும்தாண்டா தெரியும்" என்று சொல்லி, சிங்கராயர் அவர்கள் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். நான் கீழே இறங்கிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

5. மனுவைத் தலைமைக் குமாஸ்தா மூலமாக அனுப்புவதே முறை. முதல் மனுவை அப்படியே கொடுத்தேன். அவர் அதைப் படித்து, கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று என் தாயாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். தங்களுக்கு வந்து சேரவில்லை. ஆகவே இதை நேரில் தருகிறேன். மன்னிக்க வேண்டும்.

6. ஆறு மாதத்துக்குள் சொந்தக் கையால் நாற்பது சீட்டாவது எழுதாதவர்களை நிரந்தரமாக்குவதில்லை என்பது விதி. இன்னும் இருபது நாளே இருக்கிறது. என் பெயரில் ஒரு சீட்டும் இல்லை. என்னை அனுப்பிவிட்டால் அந்த இரண்டு பேரும்தான் அதிகம் வருந்துவார்கள்.

7. அவர்களைக் கண்டிக்க வேண்டாம். வேறு துறைக்கு மாற்றவும் வேண்டாம். இனி மாதிரி எடுக்க நானே படகேற வேண்டுமென்று எழுத்தில் உத்தரவிட்டால் போதும். தங்கள் எழுத்தை அவர்கள் மீறமாட்டார்கள். வருகிற திங்கட்கிழமை நான் முதல்முறை ஏறும்போது இருவரும் கரையிலேயே நிற்கவேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுதப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். என் தகப்பனார் அந்தப் பலகை வழியே திரும்பி வராததைப் பார்த்தவர்கள் அவர்கள். நான் திரும்பி வருவதையும் அவர்களே பார்க்கட்டும்.

இடம்: அலோன், இரங்கூன்
தேதி: 11-3-1926

தங்கள் துறையில் வேலை செய்யக் காத்திருக்கும்,
அ. மரியஜோசப்