இருமிக் கடந்த வரி

ஜூன் 5, வியாழன்

பல் டாக்டர் அனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியை இன்று நேரிலேயே என் லேபுக்கு வந்துவிட்டார். அவருக்குச் செய்யும் பல் செட்டில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி வேண்டுமாம். "முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு. சேர்த்து வச்சீங்கன்னா என் வீட்டுக்காரருக்கு என்னை அடையாளம் தெரியாது." மெழுகைச் சுரண்டி இடைவெளி விட்டேன். இருபத்தாறு வருஷமாகப் பல் செய்கிறேன், இப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

மதியம் போதகர் போன் செய்தார். தொண்டை கட்டிக்கொண்டதாம். ஞாயிறு ஆராதனையில் பரமண்டல ஜெபத்தை நான் முன்னின்று சொல்ல வேண்டுமாம். சரி என்றேன். சபை மூப்பனாக இருந்துகொண்டு மாட்டேன் என்றா சொல்ல முடியும்?

சொல்லியிருக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மைக் முன்னால் நின்று ஆரம்பித்தேன். எல்லாரும் கூடவே சொன்னார்கள். அன்றாட ஆகாரத்தைக் கேட்கும் வரி வரை ஒழுங்காகப் போனது. அடுத்தது, மற்றவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற வரி. வழக்கமாக அந்த இடத்தில் எனக்கு இருமல் வரும். கூட்டத்தோடு நின்று இருமினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? இன்று இருமலும் வரவில்லை, வரியும் வரவில்லை. அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பாதிப் பேர் என்னோடு தாவினார்கள். பாதிப் பேர் விட்ட இடத்திலேயே நின்று சொன்னார்கள். ஆமென் இரண்டு தடவை கேட்டது.

வீட்டில் கதவைத் திறந்தபடியே மனைவி சொன்னாள்: "ஒம்பது வருஷமா இருமினீங்க. இன்னைக்கு மாட்டிக்கிட்டீங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வரியை என்னால் எப்படிச் சொல்ல முடியும்? ஒன்பது வருஷத்துக்கு முன் என் தம்பி என் மகளைப் பைக்கில் தேர்வுக்குக் கூட்டிப் போனான். வழியில் கண் அசந்துவிட்டான். நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினார்கள். பதினாலு வயதுப் பிள்ளை. அவளுடைய வலது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வாயில் ரத்தத்தோடு நின்றவனிடம், இனி என் கண்ணில் படாதே என்றேன். அவன் படவில்லை. எங்கள் ஆலயத்துக்கு வருவதையும் விட்டுவிட்டான்.

ஜூன் 9, திங்கள்

லேபில் ஒரு தாடை அச்சைக் கீழே போட்டு உடைத்தேன். என் கவனக்குறைவு.

ஜூன் 14, சனி

மகள் சனிக்கிழமைதோறும் தோழி வீட்டுக்குப் போவாள். இன்று எந்தத் தோழி என்று சும்மா கேட்டேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"தோழி வீட்டுக்கு இல்லப்பா. சித்தப்பாவைப் பார்க்கப் போறேன். மூணு வருஷமா."

கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. உன் காலுக்காகத்தானே நான் என் கூடப்பிறந்தவனை விட்டேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. அவள் குரலை உயர்த்தவில்லை. கணக்கு டீச்சர் அவள்; வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற அதே நிதானம்.

"அது என் கால்பா. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். நீங்க ஏன் இன்னும் பிடிச்சிட்டிருக்கீங்க?"

விறைத்த காலை நீட்டி உட்கார்ந்து ஷூவை மாட்டினாள். எழுந்தபோது, சித்தப்பா இத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை என்றாள். போய்விட்டாள்.

அதைக் கேட்டதும் கோபம் வடிந்துவிட்டது. பயம்தான் வந்தது. ஏன் பயம்?

ஏன் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதுகிறேன். இந்த நோட்டிலாவது எழுதாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

அன்று காலை அவளைப் பள்ளியில் விட வேண்டியவன் நான். டாக்டருக்கு ஒரு செட்டை முடித்துக் கொடுக்கிற அவசரம். தம்பி அச்சகத்தில் இரவு வேலை முடித்து அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அவனைப் போகச் சொன்னேன். அவன் சொன்னான்: "அண்ணா, கண்ணு சொக்குது." நான் மெழுகிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பத்து நிமிஷ வழிடா. போயிட்டு வந்து தூங்கு."

அவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. முழங்காலில் நின்று ஜெபித்தபோதுகூடச் சொல்லவில்லை. அவன் தூங்கிவிட்டான், அவன் தூங்கிவிட்டான் என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே அது மட்டும்தான் நடந்தது என்று ஆகிவிட்டது.

அந்த வரியை நான் விழுங்கியது அவனை மன்னிக்க மனம் வராததால் மட்டுமா? என்னை மன்னியும் என்கிற அதன் மறுபாதியைக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

ஜூன் 21, சனி

மகளோடு போனேன். வழியில் ஒரு திருப்பத்தில் அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

தம்பி ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறான். பின்பக்க அறையில், படுக்கை விரிப்புகள் குவிந்து கிடக்க, ரொட்டியை டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையால் வாயை மறைத்தான். நான் பார்த்துவிட்டேன். மேலே ஒரு பல்கூட இல்லை. கீழே ஓரத்தில் ஏதோ இரண்டு. விபத்தில் போனவை பாதி, மிச்சம் ஒவ்வொன்றாகப் பிறகு போயிருக்கிறது.

ஊருக்கெல்லாம் பல் செய்கிறவன் நான். ஏன்டா வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். எந்த டாக்டரிடம் போனாலும் அச்சு உங்களிடம்தானே வரும் அண்ணா, சீட்டில் என் பேரைப் பார்த்தால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றான்.

மகள் வெளியே போய் நின்றுகொண்டாள்.

"கண்ணு சொக்குதுன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இருக்கு."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

ஒரு விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். "ஓட்டினது நான்தானே அண்ணா. அதோட, நீங்க அவளுக்கு அப்பா. அதையும் உங்க தலைல போட்டா நீங்க எப்படி எழுந்து நடமாடுவீங்க?"

உன்னை மன்னிக்கிறேன் என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அதை எடுக்கவே இல்லை. என்னை மன்னிச்சிடுடா என்றேன். அவன் விரிப்பின் மறுமுனையை என் கையில் கொடுத்தான். இரண்டு பேருமாக அதை மடித்தோம்.

"அது எப்பவோ ஆச்சு. உக்காருங்க" என்றான்.

எப்பவோ. எல்லாருக்கும் எப்பவோ ஆகிவிட்டிருக்கிறது. நான்தான் கடைசி.

ஜூன் 22, ஞாயிறு

சாப்பாட்டு மேஜையில் இருவரிடமும் சொன்னேன். அந்தக் காலை, அவன் சொன்னது, நான் சொன்னது.

மகள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "தெரியும்பா. நான் கதவுகிட்டதான் நின்னேன். கேட்டுச்சு." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஜெபத்துல அந்த இடம் வரும்போது உங்க ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் நினைச்சுக்குவேன்" என்றாள்.

ஒன்பது வருஷம். ஒரே பெஞ்சில் அவள் எனக்காக அந்த வரியைச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று இருமியிருக்கிறேன்.

மனைவிக்குத்தான் இந்தக் காலை விஷயம் இதுவரை தெரியாது. அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 26, வியாழன்

மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். சீக்கிரம் மன்னித்துவிடு என்று அவளைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

ஜூலை 10, வியாழன்

தம்பியை டாக்டரிடம் அழைத்துப் போய் அளவு எடுத்தோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பல் இல்லாமல் வெகுநாள் விட்டதில் கீழ்த்தாடை எலும்பு தேய்ந்துவிட்டதாம். கீழ் செட் கெட்டியாகப் பிடிக்காது, எதிர்பார்க்காதீர்கள் என்றார். எனக்கே தெரியும். அச்சைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. மேடு இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது.

அன்றே செய்து கொடுத்திருந்தால் நின்றிருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் மனைவி, உங்க தம்பி இன்று எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேட்டாள். மூன்று மணி என்றேன்.

அவன் லேபுக்கு வருவது இது நான்காவது தடவை. மேல் செட் நன்றாக உட்கார்ந்துவிட்டது. கீழ் செட்டைத்தான் ஒவ்வொரு முறையும் தேய்க்கிறேன், ஏற்றுகிறேன், மறுபடி தேய்க்கிறேன். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பேசினாத்தான் கழலுது அண்ணா. பேசாம இருந்தா நிக்குது."

"பேசுடா. கழலட்டும்" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் பேசினான். ஏழு தடவை கழன்றது.