சிவந்த முகக்காரர்கள்

உலு திராம்,
3 மார்ச் 2024

திருமதி வெள்ளையம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சம்மதத்தோடு மருத்துவமனைத் தாதி ஷாமளா இந்த முகவரியைத் தந்தார். உங்களுக்கு இருக்கும் அதே அபூர்வப் புற்றுநோய்தான் எனக்கும். குடலில் தொடங்கி ஈரலில் போய் உட்கார்ந்திருக்கிறது. மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் பல வருடம் ஓட்டலாம் என்கிறார் டாக்டர். வாட்சப்பில் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. நில அலுவலகத்தில் கடிதம் எழுதியே காலத்தைக் கழித்தவன்.

என் தொல்லை வேறு. திடீர் திடீரென்று முகமும் கழுத்தும் சிவந்துவிடுகின்றன. நோயின் வேலை அது. ஆனால் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் கமலநாதன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் குடித்துவிட்டு வந்திருக்கிறேனாம்! என் மனைவி சுபத்திராவும் அதையே நம்பி, போன வருடமே மெர்சிங்கில் மகள் லோஷினி வீட்டுக்குப் போய்விட்டாள். நோயென்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் அக்காவைப் புற்றுநோய்தான் கொண்டுபோனது. இன்னொரு முறை அவளால் தாங்க முடியாது. குடிகாரன் என்ற பேரோடு இருந்துவிட்டுப் போகிறேன்.

உங்களுக்கும் இப்படிச் சிவக்குமா?

இப்படிக்கு,
சி. சிவகணேசன்

பெக்கான் நானாஸ்,
11 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு வருடமாக இந்த நோயோடு குடித்தனம் நடத்தும் வெள்ளையம்மா எழுதுவது. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பேரில் மட்டும்தான் வெள்ளை. சிவந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? உள்ளே எரியும், அவ்வளவுதான். அன்னாசித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், "வயசானா எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான் லா" என்று சொல்லி ஒரு மேசை விசிறி வாங்கிக் கொடுத்தார். கிளினிக்கிலும் அதையேதான் சொல்லி அனுப்பினார்கள்.

வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். உறைப்பைக் குறையுங்கள். நான் குறைக்கவில்லை, ஷாமளாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை ஜொகூர் பாருவில் ஒரு கோப்பிக் கடையில் எங்கள் கூட்டம் கூடும். சீனர், மலாய்க்காரர், நாம், எல்லாருக்கும் இதே நோய். அவசியம் வாருங்கள்.

அண்ணியிடம் மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தாங்குவாரா மாட்டாரா என்று அவரைக் கேட்காமல் நீங்களே எப்படி முடிவு செய்தீர்கள்?

உங்கள் தங்கை,
வெள்ளையம்மா

உலு திராம்,
8 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

சனிக்கிழமையை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நானும் அந்தச் சீனர் லிம்மும் ஒரே நேரத்தில் சிவந்ததும் எல்லாரும் கைதட்டினீர்களே! புற்றுநோயைப் பற்றி அத்தனை சத்தமாகப் பேசலாம் என்றே எனக்குத் தெரியாது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ருசித்துச் சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும். உங்கள் வீட்டுக்காரர் ராஜசேகரன் கேட்காமலே உங்களுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சிவகணேசன்

பெக்கான் நானாஸ்,
15 ஏப்ரல் 2024

அண்ணே,

பொறாமைப்பட்டது போதும். லார்க்கின் பஸ் நிலையத்தில் மெர்சிங் பஸ் கிடைக்கிறது.

வெள்ளையம்மா

மெர்சிங்,
22 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

லோஷினி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கதவைத் திறந்ததும் சுபத்திரா, "வாயை ஊதுங்க" என்றாள். ஊதினேன். வாடை இல்லை என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நோய், ஈரல், ஊசி, கோப்பிக் கடை, எதையும் விடவில்லை.

அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க குடிக்கக் கூடாதுன்னு தினமும் விளக்கேத்தி வேண்டிக்கிட்டேன். இதுக்கு நீங்க குடிச்சே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அப்புறம் ஆரம்பித்தாள். "என்னை என்னன்னு நினைச்சீங்க? பெக்கான் நானாஸ்ல இருக்கறவங்களுக்குத் தெரியலாம், கட்டினவளுக்குத் தெரியக் கூடாதா?" நேற்று மதியம் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. அடுத்த ஊசிக்கு அவள்தான் கூட வருவாளாம். உள்ளே பையில் துணி அடுக்கிக்கொண்டே திட்டுகிறாள்.

போன வருடம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். நன்றாகத் திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் அண்ணன்,
சிவகணேசன்