நீச்சல் தெரியும் என்று எழுதியது நான்

மே 14, புதன்



மகேஸ்வரி இன்று நீச்சல் குளத்தில் மூழ்கிவிட்டாள். சிதம்பரத்திலிருந்து நான் அழைத்து வந்த எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி, பிச்சாவரம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். கடலூரில் இந்தச் சர்வதேசக் கோடை முகாமுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. நீச்சல் தெரிந்தவர்களை மட்டும் ஆழமான பக்கம் குதிக்கச் சொன்னார்கள். எல்லோரும் மேலே வந்தார்கள், இவள் வரவில்லை. நான் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு நின்றவர் ஓடி வருவதற்குள், கொரியாவிலிருந்து வந்த ஒரு பெண் பாய்ந்து அவளை இழுத்து வந்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"உனக்கு நீச்சல் தெரியாதா?"

"தெரியாது மிஸ். எங்க ஊர்ல அண்ணனுங்கதான் தண்ணில எறங்குவாங்க. எங்கள வுட மாட்டாங்க."

"அப்புறம் ஏன்டி குதிச்ச?"

"கேம்ப் ஃபாரத்துல தெரியும்னு நீங்க எழுதியிருந்தீங்க. நான் இல்லன்னு சொன்னா, நீங்க பொய் எழுதுனதா ஆயிடுமே மிஸ்."

எழுதியது நான்தான். அவளைக் கேட்கவே இல்லை. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் டிக் அடித்துவிட்டேன்.

அவள் அப்பாவுக்குப் போன் செய்து எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர், "காலைல மொத பஸ்ஸுக்கு வரேன் மிஸ்" என்றார். பார்த்துவிட்டுப் போகவா, கூட்டிப் போகவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் தூங்குகிறாள். நான் நாலு வரி எழுதுவதும், எழுந்து போய் அவள் மூச்சைப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.