ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?

மார்ச் 4

என் கட்டிங் மாஸ்டர் அம்மாளுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தம்பிகள் இரண்டு பேரும் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள். எனக்கு நெஞ்செரிச்சல். நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாளாகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தையல் கொஞ்சம் பிரிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், அங்கிருந்து அப்படியே அக்கா வீட்டுக்குப் போவதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வந்து கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டேனா? பக்கத்துக் கடைக்காரர் வேறு விசாரிக்கிறார். மானம் போகிறது.

சரி, அதை விடு. கர்ப்பப்பையிலிருந்து கட்டிகளை எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. சாப்பாட்டில் அலட்சியம் கூடாது. டாக்டர் கொடுத்த பட்டியலைப் பிரதி எடுத்து அட்டையாக மாட்டினேனே, அதைச் சமையலறைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். புதிதாக ஒரு பிரதி எடுத்து, லேமினேஷன் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கீரை, பயறு, முட்டை, மீன், பழம் நன்றாகச் சாப்பிடு. தண்ணீர் நிறையக் குடி, மலச்சிக்கல் வந்து முக்கினால் தையலுக்கு ஆபத்து. பாக்கெட் தீனி, மைதா, பொரித்தது, குளிர்பானம் எதையும் தொடாதே. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் முன்னே பின்னே ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது. உன் அக்கா ஒரு டீப் பைத்தியம். ஊற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதே.

தினமும் என்ன சாப்பிட்டாய் என்று எழுது. எப்போது வருகிறாய் என்றும் எழுது.

உன் நலனில் அக்கறையுள்ள
கணவன்

•

மார்ச் 8

ஜெராக்ஸ்கடைக்காரருக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே "நான் சொல்றதைக் கேளு" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படியுங்கள்.

நேற்று டாக்டரம்மா தையலைப் பார்த்தார். சீழ் நின்றுவிட்டது. ஆனால் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஏம்மா, அவ்வளவு தெளிவா எழுதிக் கொடுத்தும் எதுக்கு வெயிட்டைத் தூக்குனீங்க?"

"அப்படி ஒண்ணும் எழுதலையே டாக்டர்" என்றேன். அவர் என் ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நீங்கள் லேமினேஷன் போட்ட அதே பட்டியல். கீரை, பயறு, முட்டை, மீன். "இதுதான் டாக்டர் எங்க வீட்டுலயும் இருக்கு" என்றேன். அவர் தாளைத் திருப்பினார்.

பின்னால் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. நின்று சமைக்கக் கூடாது. வீட்டில் உள்ள மற்றவர்கள் சமைத்துக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து, சூடாக, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறது.

நீங்கள் எடுத்து மாட்டிய பிரதியில் இந்தப் பக்கமே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று நான் அரை மயக்கத்தில் கிடந்தேன். தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தது நீங்கள்தான்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் அடுப்படிக்குப் போனேன். உங்களுக்கும் உங்கள் இரண்டு தம்பிகளுக்கும் மூன்று வேளையும் ஆக்கிக் கொட்டினேன். கீரை சாப்பிடு, கீரை சாப்பிடு என்றீர்களே, அதை ஆய்ந்தது யார்? நீங்கள் மூன்று பேரும் சாப்பிட்டு எழுந்தபிறகு சட்டியில் பச்சைத் தண்ணீர்தான் இருக்கும். கொதிக்கிற பெரிய பானையை இறக்கும்போதுதான் தையல் பிரிந்தது. அந்த நேரத்தில் ஐயா என்ன செய்தீர்கள்? நான் திருட்டுத்தனமாக டீ குடித்தேனா என்று தம்ளரை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்!

நாலு வருடம் ரத்தம் போனது. தையல் கம்பெனியில் நாளெல்லாம் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை வெட்டியவள், கறை தெரியக் கூடாதென்று கருப்பு நிறம் தவிர வேறு உடுத்தவில்லை. ரத்த அளவு ஏழுக்கு இறங்கியபிறகுதான் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்தேன். அப்போதும் நான் உங்களை ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

கடைக்கு யார் வந்து தாளை நீட்டினாலும் உங்கள் வாயில் வருகிற முதல் வார்த்தை, "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" முன்பின் தெரியாதவன் ரேஷன் கார்டைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை. பெண்டாட்டியின் தாள் மட்டும் என்ன பாவம் செய்தது?

இன்னொன்று. தினமும் "என்ன சாப்பிட்டே?" என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டீர்கள். "சாப்பிட்டியா?" என்று ஒரே ஒரு நாள் கேட்டிருக்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுச் சமையல்காரி

•

மார்ச் 12

என் மனைவிக்கு,

இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? சமையல்காரியாம்! நான் என்ன கொலையா செய்துவிட்டேன்?

அன்றைக்குக் கடையில் எத்தனை கூட்டம் என்று உனக்குத் தெரியாது. பரீட்சை விண்ணப்பம் கட்டுக்கட்டாக வந்து கிடந்தது. மெஷினில் வேறு இரண்டாம் பக்கம் எடுக்கும்போது தாள் சிக்கிக்கொண்டே இருந்தது. அந்த அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். மனுஷன்தானே.

மாதுளம்பழம் உரித்து முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தவன் யார்? மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைத்தவன் யார்? டீயை நிறுத்தியதும் உன் நல்லதுக்குத்தானே? அதெல்லாம் கணக்கில் வராது. விட்ட ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். இதெல்லாம் உன் அக்கா தூபம் போட்டு எழுதவைத்தது. எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். கிளம்பித் தயாராக இரு.

கணவன்

•

மார்ச் 15

ஜெராக்ஸ்கடைக்காரருக்கு,

வண்டி வர வேண்டாம். வந்தால் கதவு திறக்காது.

அக்காவுக்குத் தூபம் போட நேரமில்லை. காலையில் எழுந்து எனக்கு முட்டை வேகவைக்கிறாள், பயறு வேகவைக்கிறாள், பிறகு தன் வேலைக்கு ஓடுகிறாள். டீப் பைத்தியம் என்றீர்களே, என் முன்னால் குடித்தால் எனக்கு ஆசை வரும் என்று மாடியில் போய்க் குடித்துவிட்டு வருகிறாள். மாதுளம்பழம் நீங்கள் உரித்தது ஒரு நாள். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது பத்து நாள்.

கூட்டம், அவசரம், தாள் சிக்கியது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்ச் நாலாம் தேதி புதிதாக ஓர் அட்டை அனுப்பினீர்களே, அதைத் திருப்பிப் பார்த்தேன். அதுவும் வெள்ளை. கதவில் இருக்கும் அட்டையிலிருந்துதான் எடுத்தேன் என்று சொல்லாதீர்கள். அதில் மஞ்சள்தூள் கறை "மீன்" என்ற சொல்லை மறைத்துக்கொண்டிருக்கிறது, என் கைபட்ட கறை. புது அட்டையில் கறையே இல்லை. அப்படியென்றால் டாக்டர் கொடுத்த தாளையே மறுபடி எடுத்து மெஷினில் வைத்திருக்கிறீர்கள். மெஷின் ஒரு தடவை மக்கர் பண்ணும். இரண்டு தடவையும் அதே பக்கத்திலா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பின்பக்கத்தைப் பார்த்தீர்களா, இல்லையா? ஒரு வரி எழுதினால் போதும். சுற்றி வளைக்காதீர்கள்.

நான்

•

மார்ச் 21

அம்மணிக்கு,

பார்த்தேன்.

ஒரு வரி போதும் என்றாய். ஆனால் மீதியையும் எழுதிவிடுகிறேன். முன்பக்கம் எடுத்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தேன். சிவப்புக் கோடு தெரிந்தது, நின்று படித்தேன். ஆறு வாரம் யார் சமைப்பது என்றுதான் முதலில் தோன்றியது. தம்பிகள் துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்கள். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. நாலு வருடம் சமாளித்தவள், இதையும் சமாளிப்பாள் என்று நினைத்தேன். நீ படித்தால் உட்கார்ந்துவிடுவாய் என்றும் நினைத்தேன். தாளை எடுத்துவிட்டு மெஷின் மூடியை மூடினேன். உன் டீயைப் பிடுங்குவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

தையல் பிரிந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். பயத்தில் மறுபடியும் ஒரு பக்கம் எடுத்து அனுப்பினேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

மூன்று நாளாக நானே சமைக்கிறேன். ஒரு பாத்திரம் அடிப்பிடித்துத் தூக்கிப் போட்டாயிற்று. தம்பிகளில் பெரியவன் முனகினான், போய் நீயே ஆக்கிக்கொள் என்று கத்திவிட்டேன். இப்போது இரண்டு பக்கமும் எடுத்த பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். இந்த வாரத்தோடு ஆறு வாரம் முடிகிறது. வந்துவிடு. உன்னை அடுப்படிப் பக்கம் விடமாட்டேன்.

சாப்பிட்டியா?

கணவன்

•

மார்ச் 25

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. ஆறு வாரம் முடியவில்லை. தையல் பிரிந்ததால் டாக்டரம்மா முதலிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டார். அதுகூட உங்களுக்குத் தெரியாது. யாரிடமும் நீங்கள் கேட்கவில்லை.

நீங்கள் உண்மையை எழுதிவிட்டால் என் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். எங்கே தணிகிறது? மறந்துபோயிருந்தால் வாயாரத் திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்திருப்பேன். என் வயிறு கிழிந்து கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். யாராவது சமைத்துப் போட வேண்டும் என்றும் தெரியும். படித்துவிட்டு மூடியை மூடியிருக்கிறீர்கள். இதை எந்தப் பக்கத்தில் வைத்து நான் மறப்பது? ஒவ்வொரு வேளையும் சட்டியைத் திறக்கும்போது அந்த மூடிச் சத்தம்தான் கேட்கும்.

நான் வரப்போவதில்லை. "இப்போதைக்கு" என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். மேலே அந்த அடித்தல் தெரியக் கூடாது என்றுதான் வேறு தாளில் மாற்றி எழுதுகிறேன். கம்பெனியில் உட்கார்ந்தபடி, துணி வெட்டுவதற்கான மாதிரி வரைகிற வேலை கொடுக்கிறோம் என்கிறார்கள். உடம்பு தேறியதும் இங்கிருந்தே போய் வருவேன். ரத்தம் ஒன்பதரைக்கு ஏறியிருக்கிறது. நேற்று அக்கா பச்சையில் ஒரு புடவை எடுத்து வந்தாள், கட்டிக்கொண்டேன்.

இரண்டு பக்கப் பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன். அது இனி உங்கள் வீட்டுக்குத்தான் தேவை. உங்கள் தம்பிகளுக்கு நாளைக்குக் கல்யாணமாகி யாராவது அந்த அடுப்படிக்கு வருவார்கள். அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டுங்கள்.

சாப்பிட்டியா என்று கேட்டிருந்தீர்கள். கல்யாணமான பதினோரு வருடத்தில் முதல் தடவை. படித்துவிட்டு அழுதேன், பொய் சொல்வானேன்.

சாப்பிட்டேன். உட்கார்ந்து, சூடாக, நேரத்துக்கு. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள்.

நான்