ஒஸ்லோவில் தூக்கிய விரல்

அன்புள்ள யதுர்சிகாவின் அம்மாவுக்கு,

நீர் என் போனை எடுக்காதபடியால் கடிதம் எழுதுகிறேன். மகளின் கலியாணப் பேச்சை இதில் எடுக்கமாட்டேன். பயப்படாமல் வாசியும்.

நேற்று ஒஸ்லோவில் ஒரு கலியாணத்துக்குத் தவில் வாசித்தேன். இராகுகாலம் முடியட்டும் என்று ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். தாலித்தட்டம் மாப்பிள்ளைக்கு முன்னால் இருந்தது. அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் தண்ணீர் கேட்க விரலைத் தூக்கினார். மணவறைப் பக்கம் யார் விரல் தூக்கினாலும் எனக்கு அது கெட்டிமேளம்தானே! திருக்கேதீச்சரத் திருவிழாபோல வெளுத்து வாங்கினேன். நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. சனம் அறுகரிசியை எறிந்தது. பதறிப்போன மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கட்டிவிட்டார்.

பொம்பிளையின் தாய் கதிரையில் சரிந்தா.

“ஐயா, அவிட்டுப்போட்டுத் திரும்பக் கட்டட்டோ?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“உமக்கென்ன விசரே? கட்டினது கட்டினதுதான்” என்றார் ஐயர்.

பொம்பிளை மட்டும் சிரித்தாள். “நல்லதாப் போச்சு, எனக்குப் பசிக்குது.”

இன்று அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. இரண்டு பேரும் ஒரே சோற்றுக்கோப்பையில் சாப்பிடுகிறார்கள். இந்தக் குளிருக்கு இராகுவும் வெளியே வரமாட்டார் போல.

முருங்கன் பொடியன் லக்சனின் சாதகம் எங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது என்று நீர் ஒற்றைக்காலில் நிற்பதைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை, கவனியும்.

நீர் ஒரு விரலைத் தூக்கினால் போதும். மிச்சத்தை என் தவில் பார்த்துக்கொள்ளும்.

கழியும் கையுமாகக் காத்திருக்கும்,
உம்முடைய மனுசன்