ஆடிப் பதினெட்டுக்குள் ஒரு வரி

ஜூலை 14, 2025
கம்பம் டவுனில் உரக்கடைப் போர்டை முழுதாக வாசித்தேன். நடுரோட்டில் நின்றதால் பஸ்காரர் ஹாரன் அடித்தார். எழுபத்திரண்டு வயதில் வாசிக்கப் பழகியவனுக்கு இதுவும் ஒரு சந்தோஷம்.

ஜூலை 16
பரணிலிருந்து ஓலைச்சுவடிக் கட்டை இறக்கினேன். தாத்தா எழுதியது. வாசிக்க ஆளில்லாததால் கும்பிட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம். சரஸ்வதி பூஜைதோறும் என் சம்சாரம் பால் தெளித்து, சந்தனம் அப்பி, பொட்டு வைப்பாள். இப்போது ஒட்டிப்போய் வெல்லக்கட்டி மாதிரி இருக்கிறது. விரல் பட்டதும் ஓரம் ஒடிந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

"பின்னமானதை வீட்டுல வைக்கக் கூடாது. பதினெட்டாம் பெருக்கன்னைக்கு ஆத்துல விட்ருவோம். உங்க அப்பாவும் ரெண்டு கட்டு விட்டாக."

"இப்பத்தான் நான் வாசிப்பேன்ல?"

"ஒரு வரி வாசிச்சுக் காட்டுங்க, வச்சுக்கிருவோம். இல்லைன்னா ஆறுதான்."

இன்னும் பதினெட்டு நாள்.

ஜூலை 17
சந்தனம்தான் தெரிகிறது. எழுத்து எங்கே?

ஜூலை 22
எனக்கு எழுத்து சொல்லித்தந்த மகாலட்சுமி டீச்சர் கூப்பிட்டு, மதுரையில் சுவடி பராமரிக்கிற அனுசுயா வந்தார். பார்த்ததும், "யாரு இதுல பால் ஊத்துனது?" என்று கேட்டுவிட்டார். காப்பி போடப் போன சம்சாரம் வெளியே வரவில்லை. காப்பியும் வரவில்லை. கட்டை மதுரைக்குக் கொண்டுபோனார்.

ஜூலை 31
அனுசுயா கொண்டுவந்துவிட்டார்! ஏழு ஓலை பிரிந்திருக்கிறது. மற்றவை மதுரையில். வீடெல்லாம் ஓலைக்குத் தடவிய எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசம். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவிவிட்டு அனுசுயா துணியால் துடைத்தார். கீறலில் மட்டும் கறுப்பு நின்றது. வரிவரியாக எழுத்து.

ஆனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, வார்த்தைக்கு நடுவே இடமும் இல்லை. தாத்தாவுக்கு என்ன அவசரமோ.

ஆகஸ்ட் 2
நாளை ஆடிப் பதினெட்டு. காலையிலிருந்து ஒரே ஓலை. 'மாடு' பிடிபட்டது. பிறகு 'வயிறு'. சம்சாரம் எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சத்தமாக வாசித்தேன்: மாட்டுக்கு வயிறு உப்பினால் சுக்கு, பெருங்காயம்...

"வெத்தலையில மடிச்சுக் குடுக்கணும்" என்றாள், தலை நிமிராமல்.

"பேசாம இரு. நீ சொல்லி வாசிச்ச மாதிரி ஆகிரும்."

தொடர்ந்தேன். உப்பு. அப்புறம் வெற்றிலைதான்.

எழுந்து வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "எங்கன இருக்கு வெத்தலை?" காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அத்தை எனக்குச் சொன்னதுதான். ஆனா ஓமத்தை விட்டுட்டாகளே உங்க தாத்தா."

ஆகஸ்ட் 3
முல்லையாற்றில் நல்ல தண்ணீர். விளக்கு விட்டோம். ஓலை வீட்டில் இருக்கிறது.

ஆகஸ்ட் 5
"ஓமம் இல்லாம மாடு எந்திரிக்காது. நோட்டுல சரியா எழுதுங்க" என்றாள், காப்பியை வைத்துவிட்டு. எழுதினேன்.

மாடு வயிறு உப்பினால்: சுக்கு, பெருங்காயம், உப்பு, ஓமம். வெற்றிலையில் மடித்துக் கொடுக்கவும்.

"யார் சொன்னதுன்னு போடவா?"

"உங்க தாத்தா போட்டிருக்காகளா?"

"இல்ல."

"அப்ப நீங்க போடுங்க."

சொன்னது பிச்சையம்மாள்.

ஐம்பது வருடமாக ஏய் என்றே கூப்பிட்டிருக்கிறேன். ஏழு எழுத்து. எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது.